பாயிண்டுக்கு ஓய்வு கொடுத்த பெட்டி

பழைய கார் ஒன்று நெடுஞ்சாலையில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். பெட்ரோல் போட நிறுத்துவார்கள். திரும்ப வந்து சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. டாங்கில் பெட்ரோல் இருக்கிறது, பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது, ஸ்பார்க் மட்டும் வரவில்லை. பானெட்டைத் திறந்துவைத்து அரை மணி, முக்கால் மணி காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் முன்னால் ஒரு குறையும் தெரியாது. 1970களின் நடுவிலிருந்து 90கள் வரை வந்த அமெரிக்கக் கார்களை வைத்திருந்த பலரும் இந்த அலைச்சலை அனுபவித்திருக்கிறார்கள். காரணம் பல நேரங்களில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பெட்டி. அதன் பெயர் இக்னிஷன் மாட்யூல். இத்தனைக்கும், ஓயாமல் பழுது பார்க்க வேண்டியிருந்த ஒரு பாகத்தை ஒழிக்கத்தான் அது பிறந்தது.

அந்தப் பழைய பாகத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்க ஆயிரக்கணக்கான வோல்ட் தேவை. பேட்டரி தருவதோ ஆறு அல்லது பன்னிரண்டு வோல்ட். இந்த இடைவெளியைக் கடக்க ஆரம்ப காலத்தில் பல வழிகள் இருந்தன. ஃபோர்டு மாடல் டி காரில் மரப்பெட்டிக்குள் அடைத்த நான்கு காயில்கள் இருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தகடு ரீங்கரித்துக்கொண்டே பொறிகளை மழையாகப் பொழியும். ஐரோப்பாவில் பாஷ் நிறுவனத்தின் மேக்னெட்டோ கோலோச்சியது. 1909ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர், நண்பர் எட்வர்ட் டீட்ஸின் வீட்டுக் களஞ்சியத்தில் உட்கார்ந்து வேறொரு வழியைக் கண்டுபிடித்தார். கெட்டரிங் அதற்கு முன் வேலை பார்த்தது கல்லாப்பெட்டி செய்யும் நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் கம்பெனியில். கையால் சுற்றும் கல்லாவை மின்சாரத்துக்கு மாற்றியவர் அவர். அந்தக் களஞ்சியத்தில் தொடங்கிய நிறுவனம்தான் டெல்கோ. அதன் முதல் பெரிய வாடிக்கையாளர் காடிலாக்.

கெட்டரிங்கின் ஏற்பாடு எளிமையானது. பேட்டரியிலிருந்து மின்சாரம் ஒரு காயிலுக்குள் ஓடும். அதன் பாதையில் இரண்டு சிறு உலோகப் புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஒரு கேம் சரியான நொடியில் அவற்றைப் பிரிக்கும். பாதை அறுந்ததும் காயிலின் காந்தப்புலம் சரிந்து விழும். அந்தச் சரிவில் காயிலின் இரண்டாவது கம்பிச்சுற்றில் 20,000 வோல்ட் வரை எழும்பும், பிளக்கில் பொறி பறக்கும். பொறிகளின் மழை தேவையில்லை, ஒரே பொறி போதும், ஆனால் அது நேரம் தவறாமல் வர வேண்டும் என்பதுதான் கெட்டரிங் கண்ட உண்மை. அதன் பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உலகத்துப் பெட்ரோல் கார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் ஓடின. நம் ஊர் அம்பாசடரும் ஃபியட்டும் இதே வழிதான்.

அந்த இரண்டு புள்ளிகளைத்தான் நம் பட்டறைகளில் பாயிண்ட் என்றும் பிளாட்டினம் என்றும் சொல்கிறார்கள். பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பகிர்ந்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே சுழலும் ரோட்டாரை எடுத்துவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் பாயிண்டை நெம்பிப் பார்த்தால் ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் இருக்கும். பிரியும் ஒவ்வொரு முறையும் ஒரு முகத்து உலோகம் துளித்துளியாக எதிர் முகத்துக்குப் போய்ச் சேர்ந்ததன் அடையாளம் அது. பக்கத்தில் ஒரு கண்டென்சர் இருப்பதே அந்தப் பொறியைத் தணிக்கத்தான், ஆனாலும் முழுவதும் தணிக்க முடியாது. கேமில் உரசும் ஃபைபர் கட்டையும் தேயும். தேயத் தேய இடைவெளி குறையும், பொறியின் நேரம் தள்ளிப்போகும், வண்டி இழுக்காது. அரை மில்லிமீட்டருக்கும் குறைவான அந்த இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து சரிசெய்வது அந்தக் கால மெக்கானிக்கின் அன்றாட வேலை. கேஜ் இல்லாத இடத்தில் பிளேடை நுழைத்துப் பார்த்தே சரிசெய்தவர்களும் உண்டு, அவர்கள் கை தவறுவதும் அபூர்வம்.

வேகம் கூடக் கூடப் பாயிண்ட் திணறும். எட்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால் நொடிக்கு முந்நூற்றுக்கும் மேல் பொறி வேண்டும். ஒரு பொறிக்கும் அடுத்ததற்கும் இடையே கிடைப்பது 3 மில்லி நொடி. அதில் பாயிண்ட் மூடியிருக்கும் நேரம் இன்னும் குறைவு. அதற்குள் காயில் நிறைவதில்லை, பொறி மெலிகிறது. காயிலுக்குள் அதிக மின்னோட்டம் அனுப்பி ஈடுகட்டலாமே என்றால், பாயிண்ட் தாங்குவது மூன்று நான்கு ஆம்பியர்தான். அதற்கு மேல் போனால் கருகிவிடும். அந்தச் சின்ன உலோகப் புள்ளியில் முழு எஞ்சினின் திறமையும் முட்டி நின்றது.

1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறக்கவும் மூடவும் வல்ல, தேயும் பாகமே இல்லாத ஒரு சுவிட்ச். பாயிண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த எஞ்சின்காரர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஆனால் அன்றைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆகாது, காயில் திருப்பி உதைக்கும் வோல்டேஜும் ஆகாது. வலுவான பவர் டிரான்சிஸ்டர்கள் வர இன்னும் பல ஆண்டுகள் பிடித்தன. முதலில் வந்தது அரைகுறைத் தீர்வு. பாயிண்ட் அப்படியே இருக்கும், காயிலின் பாரத்தை மட்டும் டிரான்சிஸ்டர் சுமக்கும். பாயிண்ட் கருகுவது நின்றது, ஃபைபர் கட்டை தேய்வது நிற்கவில்லை.

அடுத்த அடியைக் கெட்டரிங் தொடங்கிய டெல்கோவின் வழித்தோன்றலான டெல்கோ ரெமியே எடுத்து வைத்தது. 1963 மாடல் பான்டியாக் கார்களில் விருப்பத் தேர்வாக ஒரு டிரான்சிஸ்டர் இக்னிஷன் கிடைத்தது. அதில் பாயிண்டே கிடையாது. கேம் இருந்த இடத்தில் பற்கள் கொண்ட ஓர் இரும்புச் சக்கரம், பக்கத்தில் காந்தமும் ஒரு சிறு காயிலும். பல் கடந்து போகும்போது அந்தச் சிறு காயிலில் ஒரு துடிப்பு எழும். வெளியே தனியாக இருந்த ஆம்ப்ளிஃபயர் பெட்டி அந்தத் துடிப்பைக் கேட்டுப் பெரிய காயிலின் மின்சாரத்தை வெட்டும். ஒன்றோடொன்று உரசும் பாகம் எதுவும் இல்லை. நாம் மாட்யூல் என்று சொல்லும் பொருளின் மூல உருவம் இதுதான் என்பேன். விலை அதிகம், வாங்கியவர்கள் குறைவு. நல்ல பொருள், ஆனால் அதைக் கட்டாயமாக்கும் தேவை இன்னும் எழவில்லை.

தேவையை எழுப்பியது சட்டம். 1970ல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. காரின் புகை கட்டுப்பாடு 50,000 மைல் வரை கெடாமல் இருக்க வேண்டும் என்றானது. 1975 மாடல்களில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. பிளக்கில் ஒரு முறை பொறி தவறினால் எரியாத பெட்ரோல் நேராகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அது அடிக்கடி நடந்தால் கன்வெர்ட்டர் காலி. சில ஆயிரம் மைலுக்கு ஒருமுறை நேரம் தவறும் பாயிண்டை வைத்துக்கொண்டு 50,000 மைலுக்கு யார் உத்தரவாதம் கொடுப்பது? கார் கம்பெனிகளுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

கிரைஸ்லர் முந்திக்கொண்டது. 1971ல் சில கார்களில் தொடங்கி, 1973 மாடல்களில் அமெரிக்காவில் செய்த எல்லாக் கார்களுக்கும் எலக்ட்ரானிக் இக்னிஷன் என்றது. அதன் மாட்யூல் எஞ்சினைவிட்டு விலகி, எஞ்சின் அறையின் பின்சுவரில் அல்லது அருகில் திருகப்பட்டிருந்தது. அங்கே காற்றுபட இடம் உண்டு. அந்தக் காரில் மாட்யூலைவிட அதிகம் படுத்தியது அதன் துணையாக இருந்த பீங்கான் ரெசிஸ்டர்தான். அதன் அறிகுறி தெளிவானது. சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்வரை எஞ்சின் பிடிக்கும், சாவியை விட்டதும் அணையும். ஸ்டார்ட் நிலையில் மின்சாரம் அந்த ரெசிஸ்டரைத் தாண்டிப் போவதுதான் காரணம். விவரம் தெரிந்தவர்கள் டாஷ்போர்டு பெட்டியில் ஒரு ரெசிஸ்டரை எப்போதும் வைத்திருந்தார்கள். மாட்யூலுக்கு அதன் உடம்பே எர்த். திருகுக்கு அடியில் துருவோ பெயிண்டோ இருந்தால் நல்ல மாட்யூலும் செத்ததுபோலக் கிடக்கும். இன்றும் இந்தக் கார்களில் மாட்யூலை மாற்றும் முன் அந்தத் திருகைக் கழற்றிச் சுரண்டிப் பார்ப்பதே முதல் வேலை.

ஜெனரல் மோட்டார்ஸ் அடுத்து வந்தது. 1974ல் தொடங்கி 1975 மாடல்களில் பரவலான அதன் ஹெச்இஐ என்ற அமைப்பு பல வகையில் அழகான வேலை. வி8 எஞ்சின்களில் காயில் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலேயே ஏறி உட்கார்ந்தது, மாட்யூல் அதன் உள்ளே குடிபுகுந்தது. ஒரே ஒரு வயர் கொடுத்தால் போதும், மொத்த இக்னிஷனும் உயிர் பெறும். காயிலில் எவ்வளவு நேரம் மின்சாரம் ஓட வேண்டும் என்பதை மாட்யூலே வேகத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும், பாயிண்டால் ஒருபோதும் முடியாத காரியம் அது. இந்த வசதிக்கெல்லாம் ஒரு விலை இருந்தது. மாட்யூல் இப்போது எஞ்சினின் சூட்டுக்குள் வந்துவிட்டது. அதன் அடியில் வெள்ளையாக ஒரு பசை தடவி, டிஸ்ட்ரிபியூட்டரின் அலுமினிய உடம்புக்குச் சூட்டைக் கடத்தினார்கள். பசை சரியாக இருந்தால் பல ஆண்டு ஓடும். மாற்றும்போது பசையில்லாமல் திருகிவிட்டால் சீக்கிரமே கதை முடியும்.

இந்தக் கதையின் திருப்பம் இந்த இடமாற்றத்தில்தான் இருக்கிறது. மாட்யூல் என்ற யோசனையில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. அதை எங்கே உட்காரவைத்தார்கள் என்பதில்தான் எல்லாமே இருந்தது. பிரிட்டனில் 1971ல் வந்த ஜாகுவார் வி12 காரின் லூகாஸ் ஆம்ப்ளிஃபயரை இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, சூடு மேலெழும் பள்ளத்திலேயே வைத்தார்கள். வெந்து போனது. பிறகு அதை ரேடியேட்டர் பக்கம் தள்ளினார்கள். இந்தப் பாடம் அட்லாண்டிக்கைத் தாண்டவில்லை.

1983 மாடல்களிலிருந்து ஃபோர்டு ஒரு புது மாட்யூலைக் கொண்டுவந்தது. சுருக்கமாக டிஎஃப்ஐ. பீங்கான் தகட்டின்மேல் மின்பாதைகளையும் ரெசிஸ்டர்களையும் பசையாக அச்சிட்டுச் சூளையில் சுட்டெடுத்த நுட்பம். மலிவு, சிறிது, பெருமளவில் செய்ய ஏற்றது. அதைக் கொண்டுபோய் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில், எஞ்சினோடு எஞ்சினாக ஒட்டித் திருகினார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மாட்யூலின் பவர் டிரான்சிஸ்டர் சில ஆம்பியர் மின்சாரத்தைச் சுமக்கும்போது தானும் சுடும். வெளியே எஞ்சின் சுடுகிறது. இது போன்ற எலக்ட்ரானிக் பாகங்களுக்கு 125 டிகிரி செல்சியஸ் பொதுவான மேல் எல்லை. சிலிக்கான், பீங்கான், அலுமினியம் மூன்றும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. பீங்கான் விரிவதைப்போல மூன்று மடங்கு அலுமினியம் விரியும், சிலிக்கான் பீங்கானின் பாதிகூட விரியாது. இவற்றை ஒட்டி வைத்திருப்பது மெல்லிய சால்டரும் மயிரிழை போன்ற கம்பியும். தினமும் காலையில் சூடாகி, மாலையில் ஆறி, ஆண்டுக்கணக்கில் இழுபட்டால் அங்கே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடும். சூட்டில் விரிந்து பிரியும் இணைப்பு ஆறியதும் திரும்பத் தொட்டுக்கொள்ளும். ஆறினால் ஸ்டார்ட் ஆகும் மர்மம் இவ்வளவுதான்.

பெட்ரோல் போட நிறுத்திய பிறகு ஏன் பிடிக்கவில்லை? ஓடும்போது எதிர்க்காற்றும் ஃபேனும் எஞ்சின் அறையைக் குளிர்விக்கின்றன. நிறுத்தியதும் இரண்டும் நின்றுவிடும், கூலன்ட் சுற்றாது, இரும்பில் தேங்கிய சூடெல்லாம் சுற்றியுள்ளவற்றில் ஏறும். அணைத்த பிறகுதான் மாட்யூல் இருக்கும் இடம் கூடுதலாகச் சுடுகிறது. ஓடும்போதே அணையும் வண்டிகளும் இருந்தன. அது வெறும் அலைச்சல் இல்லை, ஆபத்து. வேகமாகப் போகும் கார் திடீரென்று அணைந்தால் பவர் ஸ்டியரிங் இறுகும், பிரேக்கின் துணைவிசை ஓரிரு மிதிகளுக்கு மேல் நிற்காது, பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது. பாயிண்ட் கெட்டால் வண்டி இருமும், இழுக்க மறுக்கும், சொல்லிவிட்டுத்தான் நிற்கும். மாட்யூல் சொல்லாமல் நிற்கும். இந்த வித்தியாசத்தை அதைச் செய்தவர்கள் போதுமான அளவு எடைபோடவில்லை என்பது என் வருத்தம்.

ஃபோர்டின் மேல் வழக்கு வந்தது. கலிஃபோர்னியாவின் அலமீடா கவுன்டி நீதிமன்றத்தில், 1983 முதல் 1995 வரையிலான மாடல்களை வைத்திருந்தவர்கள் சார்பில் நடந்தது. 2000ல் நீதிபதி மைக்கேல் பாலச்சே, குறையைத் தெரிந்தே நிறுவனம் மறைத்தது என்று தீர்ப்பளித்து, கலிஃபோர்னியாவில் சுமார் 17 லட்சம் கார்களைத் திரும்பப் பெற ஆணையிட்டார். ஒரு நீதிபதி கார்களைத் திரும்பப் பெறச் சொன்னது அமெரிக்காவில் அதுவே முதல் முறை என்று அன்றைய செய்திகள் எழுதின. ஃபோர்டு குற்றச்சாட்டை மறுத்தது. 2001ல் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. மாட்யூலுக்கான உத்தரவாதம் 100,000 மைல் வரை நீண்டது, மாற்றிய செலவையும் திருப்பித் தர ஏற்பாடானது. அதற்குள் ஃபோர்டின் புதிய மாடல்கள் பலவற்றில் மாட்யூல் டிஸ்ட்ரிபியூட்டரைவிட்டு விலகி, சூடு உதிர்க்கும் அலுமினியத் தகட்டோடு எஞ்சின் அறையின் ஓரத்துக்குப் போயிருந்தது.

நம் ஊரில் மாட்யூல் என்ற பேச்சுக்கு முன்னால் பைக்குகளில் வந்தது சிடிஐ. 1985ல் யமஹா ஆர்எக்ஸ்100 சிடிஐயோடு வந்தபோது புல்லட்டும் ராஜ்தூத்தும் இன்னும் பாயிண்டோடு ஓடிக்கொண்டிருந்தன. சிடிஐ வேலை செய்யும் விதம் வேறு, ஒரு கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்து ஒரே மூச்சில் காயிலுக்குள் கொட்டும். பெட்டியும் எஞ்சினைத் தொடாமல் வண்டியின் சட்டத்தில் இருந்தது. ஃபோர்டு மாட்யூலின் தலைவிதி அதற்கு வராததற்கு அந்த இடம் ஒரு முக்கியக் காரணம்.

மாட்யூல் தலைமுறைக் கார்களை இன்னும் ஓட்டுபவர்களுக்குப் பிரச்சினை வரும்போது பதற்றத்தில் முதலில் பலியாவது மாட்யூல்தான். வாங்கிப் போடுவார்கள், அதே கோளாறு திரும்ப வரும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் துடிப்பை எழுப்பும் சிறு காயிலான பிக்கப் காயிலும் இதே மாதிரிதான், சூட்டில் அறுந்து ஆறியதும் சேரும். பெரிய காயிலின் முதல் சுற்றில் ஷார்ட் இருந்து மின்தடை குறைந்துவிட்டால், தேவைக்கு மேல் மின்னோட்டம் ஓடிப் புது மாட்யூலையும் கொன்றுவிடும். மல்டிமீட்டரால் இரண்டையும் அளக்காமல் மாட்யூலுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. அறுந்த பிளக் வயரும் மறைமுகமான எதிரி. பொறி போக வழியில்லாமல் காயிலில் எழும் அழுத்தம் திரும்பி மாட்யூலின் மேல் விழும்.

சோதிக்க வேண்டிய நேரம் வண்டி நின்றுபோயிருக்கும் நேரம், ஆறிய பிறகு அல்ல. அமெரிக்காவின் உதிரிபாகக் கடைகள் சிலவற்றில் மாட்யூலைக் கழற்றிக் கொண்டுபோனால் மேஜைக் கருவியில் சோதித்துத் தருவார்கள். கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அது ஆறியிருக்கும், கருவி நல்லது என்று சொல்லும். அனுபவசாலிகள் அதே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டி மாட்யூலைச் சூடேற்றச் சொல்வார்கள். வீட்டிலேயே என்றால், ஓடும் எஞ்சினில் மாட்யூலின்மேல் ஹேர் டிரையரைக் காட்டி அணைகிறதா என்று பார்க்கலாம். அணைந்த பிறகு ஈரத்துணியால் அதை மட்டும் குளிர்வித்து உடனே ஸ்டார்ட் ஆனால் சந்தேகமே வேண்டாம்.

மாற்றும் வேலையில் அவசரம் கூடாது. பழைய பசையைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். உட்காரும் உலோக முகத்தில் துரு, பிசிறு எதுவும் இருக்கக் கூடாது, ஒரு துகள் இருந்தாலும் மாட்யூல் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், சூடு இறங்காது. சூடு கடத்தும் பசையை மெல்லிய ஒரே படலமாகப் பரப்ப வேண்டும், அப்பிவிட்டால் பசையே தடையாகும். ஃபோர்டின் டிஎஃப்ஐ மாட்யூலைப் பிடித்திருக்கும் இரண்டு சிறு திருகுகளுக்குச் சாதாரண சாக்கெட் நுழையாது. 5.5 மில்லிமீட்டரில் சுவர் மெல்லிய நீள சாக்கெட் வேண்டும். அது இல்லாமல் ப்ளையரால் பிடித்துத் தலையை உருட்டியவர்கள் டிஸ்ட்ரிபியூட்டரையே கழற்ற வேண்டிவரும், பிறகு டைமிங் லைட் வைத்து நேரத்தையும் சரிபார்க்க வேண்டும்.

பழைய ஃபோர்டுகளைக் கைவிடாதவர்கள் பலர் இப்போது இன்னும் ஒரு படி போகிறார்கள். டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து மாட்யூலை எடுத்து, விசிறிபோன்ற தகடுகள் கொண்ட அலுமினியத்தில் பதித்து, ஃபெண்டரின் உள்பக்கம் காற்றுபடும் இடத்தில் திருகி, நீள வயரால் இணைக்கிறார்கள். வயரை எஞ்சினில் படாமல் கட்டி, எர்த்தைத் தனியாக இழுத்துச் சுத்தமான உலோகத்தில் முடுக்கினால், அந்த மாட்யூல் பொது எல்லையான 125 டிகிரியை நெருங்கவும் வாய்ப்பில்லை.